ஒட்டிக்கொண்ட காகிதம்

“காயிதத்துக்கு மூச்சு முட்டாதாம்மா?” என்று ஆஷா ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில், அவள் அப்பா இசக்கிமுத்துவின் டிப்ளமோ சான்றிதழ் சூடான உருளைகளுக்கு நடுவே நுழைந்து, கண்ணாடி போல மின்னிக்கொண்டு வெளியே வந்த நேரம். “முட்டாதுட்டி. இனி மழ பெஞ்சாலும் ஒண்ணும் ஆவாது” என்று செல்லத்தாய் சிரித்தாள். லைன் வீட்டின் தகரக் கூரை ஐப்பசியில் ஒழுகும். கோவில்பட்டியிலிருந்து பிழைக்க வந்தபோது அவர்கள் கொண்டுவந்த சொத்து என்று பார்த்தால் அந்தக் காகிதம் ஒன்றுதான். அதை நனைய விடக் கூடாது என்று அவளாகத்தான் முடிவு செய்தாள்.

இப்போது ஆஷா இரண்டாம் வகுப்பு. இசக்கிமுத்து லேபில் வேலை பார்த்த சாயப்பட்டறையை மூடிவிட்டார்கள். சாயத்துக்கு நிறம் பார்த்துச் சொன்ன மனிதர் குடோனில் துணி ரோல் சுமந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் மொரீஷியஸ் தீவில் ஒரு சாய ஆலை அவரை லேப் வேலைக்கு அழைத்தது. படிப்புச் சான்றிதழில் நம் அரசின் முத்திரை வாங்க, வார முடிவுக்குள் அதைச் சென்னைக்கு அனுப்பிவிட வேண்டும்.

முத்திரை வாங்கித் தரும் ஏஜெண்ட் தங்கவேலு அதைக் கையில் வாங்கியதுமே முகம் சுளித்தார்.

“ஏனுங்க, இத ஆருங்க லேமினேஷன் போட்டது?”

“நாந்தாங்க” என்றாள் செல்லத்தாய்.

“எல்லாரும் இதயேதான் பண்றீங்க. முத்திரை காயிதத்து மேல விழோணுமுங்க. பிளாஸ்டிக் மேல குத்துனா செல்லாது. வேற வாங்கோணும்னா மாசக்கணக்கா ஆகுமுங்க.”

திரும்பும் வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே, “விடு செல்லம், இங்கனயே எதாவது பாத்துக்கிடலாம்” என்றார் இசக்கிமுத்து. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். முன்னால் தெரிந்த அவருடைய தோளைப் பார்த்தாள். ரோல் சுமந்து சட்டை அங்கே நைந்து போயிருந்தது. விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சூட்டில் ஒட்டியது சூட்டில்தானே விட வேண்டும்? பனியன் கம்பெனியில் அவளுக்கு அயர்னிங்கில்தான் வேலை.

மறுநாள் சான்றிதழை மஞ்சள் பைக்குள் வைத்துக் கொண்டுபோனாள். சாப்பாட்டு மணி அடித்ததும் மேசையில் அதை விரித்தாள். அயர்ன் பாக்ஸை எடுத்த கை அந்தரத்திலேயே நின்றது. பக்கத்து மேசை ஆறுச்சாமி தூக்குப்போசியைத் திறந்தவர், அதை மூடி வைத்துவிட்டு வந்தார்.

“அம்மிணி, எடுத்த எடுப்புல இதுல கை வெக்காதீங்க. எங்கிட்ட லேமினேஷன் போட்டது ஒண்ணு கெடக்குது. நாளைக்குக் கொண்டாறனுங்க. அதுல பழகிக்குங்க.”

சொன்னபடியே கொண்டுவந்தார். ஓரம் பழுப்பேறிய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். செல்லத்தாய் படித்துப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அண்ணாச்சி, இது பெயிலுல்லா!”

“ஆமாங்க. கணக்குல இருவத்தொண்ணு.”

“பெயிலானதுக்குப் போயி லேமினேஷனா?”

“எங்கய்யன் போட்டாருங்க. எங்கூட்டுல பத்தாவது பரிச்ச எழுதுன மொத ஆளு நானுங்க. அவருக்கு அதே பெருசு. ஊருக்கே காட்டுவாரு, எளுத்துதான் படிக்கத் தெரியாது. போயிச் சேந்து வருசமாச்சு. சும்மாதான கெடக்குது, வெய்யுங்க.”

செல்லத்தாய்க்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. “வேண்டாம் அண்ணாச்சி” என்றாள். அவர் கேட்கவில்லை. தானே மேசைமேல் வைத்து, தானே பெட்டியை அழுத்தினார். அவள் ஓரத்தைப் பிடித்து மேலே இழுத்தாள். சரக்கென்று உறை வந்தது. மேல் பாதியின் எழுத்துகளும் அதோடு வந்துவிட்டன. ஆறுச்சாமியின் பெயர் பிளாஸ்டிக்கில் தொங்கியது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, “நல்லதாப் போச்சுங்க, அந்த இருவத்தொண்ணும் தொலஞ்சுது” என்றார்.

கீழ்ப் பாதியில் ஆவியை நிறுத்திவிட்டு, மேலே பனியன் துணி போட்டு, சூட்டைக் குறைத்துப் பார்த்தார்கள். மேலே இழுக்காமல், உறையைப் படுக்கையாக மடித்து மெல்ல நகர்த்தினார்கள். எழுத்து காகிதத்திலேயே நின்றது.

“இசக்கியம்மா, கைய நடுங்க விடாத” என்று ஊர்ச் சாமியிடம் முணுமுணுத்துவிட்டு, செல்லத்தாய் கணவனின் சான்றிதழை வைத்தாள். முன்பக்கம் ஒரு விரற்கடை, பின்பக்கம் ஒரு விரற்கடை. சாப்பாட்டு நேரம் முடிந்தும் வேலை முடியவில்லை. சூப்பர்வைசர் வந்து கத்தினார். “நாளான்னைக்கு ஷிப்மெண்ட்டு, இங்க ரெண்டு பேரும் படங் காட்டிட்டு இருக்கீங்களா?” ஆறுச்சாமி அவரை மறித்து நின்று எதையோ பேசிக்கொண்டேயிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கடைசி ஓரமும் விட்டது.

அன்று மாலை தங்கவேலு காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். புரட்டினார், தடவினார். “மூலைல ஒரு எளுத்து மங்கிருக்குது. ஆனாப் போகுமுங்க. நைட்டே அனுப்பிடறேன். மிச்சம் சென்னைக்காரங்க கைல.” இசக்கிமுத்து அந்தக் காகிதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

செல்லத்தாய்க்கு நிம்மதி முழுதாக வரவில்லை. கம்பெனியிலிருந்து அவள் கிளம்பும்போது சூப்பர்வைசர் ஆறுச்சாமியிடம் சொன்னது காதிலேயே நின்றது: “இந்த லாட்ட முடிக்காம நாளைக்கு லீவுன்னு வந்து நிக்காதீங்க.” மறுநாள் மத்தியானம் ஆறுச்சாமியின் மனைவிக்குக் கண் ஆபரேஷன். அவர் மேசையடியில் டீ-ஷர்ட் பண்டல்கள் அப்படியே கிடந்தன.

விடிந்ததும் ஆஷாவுக்குத் தலை பின்னிவிட்டு, வழக்கத்துக்கு முந்தைய டவுன் பஸ்ஸில் ஏறினாள். கேட் திறந்திருந்தது. வாட்ச்மேன் டீக்கடைக்குப் போயிருந்தார். தன் மேசையைத் தாண்டிப் போய் ஆறுச்சாமியின் மேசையில் நின்றாள். பண்டல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கழுத்தை நேராக்கினாள், கைகளை இழுத்து வைத்தாள், பெட்டியை ஓட்டினாள். ஜன்னலில் வெயில் ஏற ஏற அடுக்கும் ஏறியது. முடிந்ததும், தேய்த்தவர் பெயர் எழுதும் லாட் சீட்டில் அவர் பெயரே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். பெட்டியைத் தாங்கியில் நிமிர்த்தி வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனாள்.

வெளியே முதல் கம்பெனி வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஆளில்லாத மேசையில், அடுக்கின் உச்சியில் இருந்த வெள்ளைச் சட்டையிலிருந்து ஆவி மெல்லிசாக எழுந்துகொண்டிருந்தது.