போர்வையில் போன பரிவட்டம்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஆதிகேசவனாகிய நான், என் மருமகள் தமிழ்செல்வி, என் பங்காளி பூவராகவன், அவன் மனைவி ஈஸ்வரி, கோயில் தர்மகர்த்தா அன்புராஜ். என் மகன் கம்பெனியில் பகல் ஷிஃப்டில் இருந்தான். ஆறாவது ஆள் கிடையாது. இப்போது பெரியபாளையம் வரைக்கும் அறுபது பேர் நேரில் பார்த்ததாகச் சொல்லித் திரிகிறார்கள்.

தமிழ்செல்வி என் மகன் தானே தேடிக்கொண்டவள். புதுவாயல் பீட்டரின் மகள். அவள் வீட்டார் ஒரு காலத்தில் எங்கள் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது எல்லாரும் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவர்கள். அவளுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. வெட்டும் மேஜையில் மிஞ்சுகிற கீற்றுத் துணிகளை, கேட் பாஸ் வாங்கி, பை பையாக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். நெல் மூட்டை அடுக்கிய அறையில் அந்தக் குப்பை அடுக்கியிருந்தது.

அதில் போர்வை தைக்கப் போவதாகச் சொன்னாள். மூன்று விரல் அகலக் கீற்றுகளை முனையோடு முனை சேர்த்து ஒரே நீள நாடாவாகத் தைப்பாள். கூடத்தில் தொடங்கி, சமையலறை சுற்றி, கிணற்றடி வரை போகும் அந்த நாடா. பிறகு அதை இரண்டாக மடித்து ஓரத்தைத் தைப்பாள், மடிப்பை வெட்டுவாள், மறுபடி மடிப்பாள். ஐந்து முறை மடித்தால் போர்வை.

"நிறமெல்லாம் பாக்கத் தேவையில்ல மாமா. எது எது பக்கத்துல வருதோ, வந்துட்டுப் போவுது" என்றாள்.

அவர்கள் கல்யாணமும் அப்படித்தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை வந்து நின்றாள். "மாமா, துணி கொஞ்சம் கொறையுது. பழசு எதுனா இருக்குதா?"

நான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கந்தலுக்கெல்லாம் எங்கிட்ட இன்னா பேச்சு? மரப்பெட்டில கெடக்குது. எடுத்துக்கினு போ."

பெட்டியில் மேலே கிடந்தவை என் கிழிந்த வேட்டிகள். அடியில் இருந்தவை பரிவட்டங்கள். எங்கள் ஊர் அம்மனுக்கு ஆடித் திருவிழாவில் முதல் மரியாதை எங்கள் குடும்பத்துக்கு. அன்று தலையில் கட்டுகிற சிவப்புக் கரை போட்ட மஞ்சள் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்போம். பத்தொன்பது வருடத்துத் துணி அங்கே இருந்தது. அந்த நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை. அவளோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசக் கூடாது என்பதில்தான் என் கவனம் இருந்தது. சர்ச்சில் வளர்ந்தவளுக்குப் பரிவட்டம் எது, பழந்துணி எது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவிழா பேச அன்புராஜ் வந்தார். கூடவே, அழைக்காமல், பூவராகவனும் ஈஸ்வரியும். முதல் மரியாதைக்காக ஐந்து வருடமாக நாக்கைத் தொங்கப் போட்டு அலைகிறவன் பூவராகவன். அவனுக்கு நாற்காலி போட எனக்கு மனமில்லை. கம்பெனிக் கந்தல் போதும் அவனுக்கு.

"அந்தப் போர்வைய கீழ விரிம்மா."

"அது கட்டிலுக்குத் தச்சது மாமா."

"விரி."

அன்புராஜுக்கு நாற்காலி. மற்ற இருவரும் போர்வையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். ஈஸ்வரி துணியைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, நம்ம அம்மன் பரிவட்டம் மாதிரி கீது?"

பூவராகவன் தொடையைத் தூக்கிப் பார்த்தான். விரல் விட்டு எண்ணினான். அவன் முகத்தில் கல்யாணக் களை வந்துவிட்டது.

"அண்ணா, உன் மரியாத மொத்தமும் தரையில கெடக்குது போல."

தமிழ்செல்வி வெளிறிப்போனாள். "தெரியலீங்க மாமா. பிரிச்சுத் தந்துடறேன்." வெட்டியதைப் பிரித்து என்ன செய்வது?

அன்புராஜ் குரலைத் தாழ்த்தினார். "பெரியவரே, பேஜாரு ஒண்ணுமில்ல. உங்களுக்குத் தெரியாம எடுத்துட்ச்சின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பொண்ணு கோயில் வாசல்ல விழுந்து மன்னிப்பு கேக்கட்டும். இந்த வருஷமும் பரிவட்டம் உங்களுக்குத்தான்."

ஒரு வார்த்தைதான். சொல்லியிருப்பேனோ என்னவோ. அதற்குள் பூவராகவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"கந்தல் பொறுக்கற ஊட்ல பொண்ணெடுத்தா இப்டித்தான் ஆவும்."

அதை நான் நினைக்கலாம். என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டு, என் மருமகள் முகத்துக்கு எதிரில், பூவராகவன் சொல்லக் கூடாது.

"எடுத்துக்கச் சொன்னது நான்" என்றேன். "அது மேல குந்துனது நீ. ஊர்ல போயி சொல்றப்ப ரெண்டையும் சேத்துச் சொல்லு."

தேள் கொட்டியவன் போல எழுந்தான். ஈஸ்வரி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அவன் முதல் பாதியை மட்டும் சொன்னான். ஆடியில் பரிவட்டம் அவன் தலைக்குப் போனது. அந்தத் தலையில் அது நிற்கவில்லை. காது வரை இறங்கி, இரண்டு முறை பூசாரி தூக்கிக் கட்டினார். நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன்.

போர்வை மரப்பெட்டியில் இருக்கிறது. இன்றைக்கும் அது எனக்கு அழகாகத் தெரியவில்லை.

வாய்க்கு வாய் மாறி, என் மருமகள் எனக்குத் தெரியாமல் பெட்டியைத் திறந்தாள் என்று இப்போது ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. அது பொய். அவள் கேட்டாள். நான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.