புது ஆள்

கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்த இளைஞன், பீர் மைதீன் தைத்துக் கொடுத்த ஷூவின் மேல்பாகத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குதிகால் வளைவில் இரண்டு வரிசைத் தையல், ஒன்றையொன்று தொடாமல், விலகவும் செய்யாமல் கடைசிவரை ஓடியிருந்தது. பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பிரமாதம் சார். எங்க ஆளுங்களுக்கே இவ்வளவு நீட்டா வராது" என்றான். பீர் மைதீன் சிரிக்கவில்லை. சிரித்தால் ஆசைப்படுவது வெளியே தெரிந்துவிடும் என்பதுபோலத் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். மெஷின்களுக்குப் பின்னால் மற்ற பெண்களோடு நின்றிருந்த அவருடைய மனைவி ஆமினாளுக்குத்தான் சிரிப்பு வந்தது. முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஆனா ஸ்டிச்சிங் லைன்ல ஜென்ட்ஸ் எடுக்கறதில்ல சார்" என்றான் இளைஞன். "லேடீஸ் மட்டும்தான். ஆம்பளைங்க ஒரு எடத்துல உக்கார மாட்டேங்கறாங்க. ஒரு மாசத்துல சண்ட போட்டுட்டுக் கெளம்பிடறாங்க."

குரலில் ஏளனம் எதுவும் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னான். தைத்த துண்டை மேசையில் வைத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டான். அது ஆமினாளின் பெயர்.

சங்கரன்கோவிலில் பழைய தறி ஷெட் ஒன்றை வெள்ளையடித்து, ஷூ தைக்கும் மெஷின்களை இறக்கி, ஆபரேட்டர் பயிற்சி என்று போர்டு மாட்டியிருந்தார்கள். பயிற்சி இலவசம், முடித்தால் வேலை நிச்சயம் என்று கடையநல்லூர் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பீர் மைதீன் அதைப் பார்த்துத்தான் வந்தார். சவுதியில் தம்மாமில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடையில் இளமை முழுவதையும் கழித்தவர். கடையை மூடியதும் விசா முடிந்தது. ஊருக்கு வந்து பிரியாணிக் கடை, செல்போன் கடை என்று கூட்டுச் சேர்ந்து பார்த்து எதுவும் ஒட்டவில்லை. தோலும் தடித்த ரெக்சினும் அவர் கைக்குப் பழகியவை. "நான் படிக்கதுக்கு அங்கன என்ன இருக்கு? சர்டிபிகேட்டுக்குத்தான் போறேன்" என்று ஆமினாளிடம் சொன்னார்.

சேரப் போன இடத்தில் பொறுப்பாளர் குருசாமி, "பாய், பேட்ச் நெறைய இன்னும் ஆள் வேணும். வீட்ல யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்களேன். சும்மா வந்து உக்காந்தாப் போதும்" என்று கேட்டிருக்கிறார். ஒரே ஆம்பிளையாகப் பெண்களுக்கு நடுவில் உட்காரக் கூச்சமாகவும் இருந்திருக்கும். இப்படித்தான் ஆமினாள் வந்து சேர்ந்தாள். அதுவரை அவள் மெஷினில் தலையணை உறையைக்கூடத் தைத்ததில்லை.

முதல் வாரம் பெடலில் காலை வைத்ததும் மெஷின் பிய்த்துக்கொண்டு ஓடியது. தோல் எங்கோ போனது, ஊசி எங்கோ போனது. சொல்லிக்கொடுக்கும் ஜாய்ஸ் கரிவலம்வந்தநல்லூர்ப் பெண். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்காக ஊருக்குத் திரும்பியவள். "யக்கா, கால அமுக்காதிய. மேல சும்மா வச்சிருங்க. அது என்ன மாடா, ஓட்டுததுக்கு?" என்று சிரிப்பாள். மெதுவாக ஆமினாளுக்குக் கை வந்தது. நடுவில் தூண்போல உயர்ந்து நிற்கும் ஒரு மெஷின் இருந்தது. தட்டையாக வைத்துத் தைக்க முடியாத வளைவுகளை அதன் தலையில் கவிழ்த்துத் தைக்க வேண்டும். தட்டையான தோல் துண்டுகள் அதில் ஏறி இறங்கும்போது கால் நுழைகிற மாதிரி குழிந்து வரும். அந்தக் குழிவு வரும் நேரத்தில் அவளுக்கு மூச்சு நின்று வரும். இத்தனை வருஷம் சோறு பொங்கினாள், துணி துவைத்தாள், எல்லாம் மறுநாள் திரும்பவும் செய்ய வேண்டியவை. முடிந்துபோய் ஒரு பொருளாக எதிரே நிற்கிற வேலையை அவள் செய்தது இதுதான் முதல்.

இன்னொன்றும் இருந்தது, வெளியே சொல்ல முடியாதது. காலையில் இருவரும் கடையநல்லூர் ஸ்டேஷனில் ரயில் ஏறுவார்கள். எதிரெதிர் ஜன்னல். பாம்புக்கோவில் சந்தை தாண்டினால் பெட்டி காலியாகிவிடும். அவர் தம்மாமில் முதலாளியின் சீட்டைத் தைத்த கதையைச் சொல்வார். ரூமில் எட்டுப்பேர் படுத்த கதை, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மலையாளி காலையில் எழுந்திருக்காமலே போன கதை. போனில் ஒருநாளும் சொல்லாதவை. லீவில் வந்த நாட்களில் அவர் விருந்தாளி, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே ஓர் இடத்துக்குப் போய் வருவது அவளுக்கு இப்போதுதான் கிடைத்தது. பயிற்சி முடியாமல் நீண்டுகொண்டே போகக்கூடாதா என்று நினைத்துக்கொள்வாள். மதியம் ஒரே டிபன் கேரியரைப் பிரித்துச் சாப்பிடும்போது மற்ற பெண்கள் கேலி செய்வார்கள். அவர் மீன் துண்டை அவள் பக்கம் தள்ளிவிடுவார்.

தன் பெயரைக் கேட்டதும் ஆமினாள் போய் உட்கார்ந்து தைத்துக் காட்டினாள். தையல் நேராக வந்தது. வளைவில் மட்டும் ஓர் இடத்தில் லேசாக நெருங்கியது. அவருடையதோடு வைத்துப் பார்த்தால் எது தேர்ந்த கை என்று குழந்தைக்கும் தெரியும். அந்த இளைஞன் அப்படி வைத்துப் பார்க்கவில்லை. "ஓகே மேடம். ஒண்ணாம் தேதி ஜாயின் பண்ணிடலாம். விடியக்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வேன் வரும். திருநெல்வேலி தாண்டி போகணும், பரவால்லையா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சுவரோரத்திலிருந்து பீர் மைதீனின் குரல் வந்தது.

"அவ வரமாட்டா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அவ சும்மா துணைக்கு வந்தவ. அவளுக்கு வேல ஒண்ணும் வேண்டாம்" என்றார். இளைஞன் ஆமினாளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டான். அவ்வளவுதான்.

ஸ்டேஷன் வரை நடந்தார்கள். நல்ல வெயில். அவர் முன்னால், அவள் பின்னால். பிளாட்பாரத்தில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தபிறகு அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"ஏன் அப்படிச் சொன்னிய?"

"பின்ன? வேன்ல போயி எவங்கிட்ட கைகட்டி நிப்ப? ஷமீரா புள்ள பிளஸ் டூ படிக்கா. வீட்ட யாரு பாப்பா?"

"நீங்க வீட்லதான இருக்கிய."

அவர் முகம் மாறியது. சொன்னபிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய்த் தைத்தது என்று அவளுக்கும் தெரிந்தது. ஆனால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"உன்ன யாரு கூட்டிட்டு வந்தா? நான்தான?" என்றார் அவர் தாழ்ந்த குரலில். "ஒனக்கு அவன் வேல போட்டுக் குடுத்தான். எனக்கு என்ன சொன்னான்னு கேட்டேல்லா? நான் தச்சத மேசையில போட்டான் பாரு, ஏதோ வெத்தலய போடுத மாதிரி."

"கேட்டேன். எனக்கும் வயிறு எரிஞ்சிச்சு. அதுக்கு எனக்குப் பதிலா நீங்க ஏன் பேசணும்?"

தூரத்தில் ரயில் ஊதியது. அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வழக்கம்போல அவளும் பின்னால் வருவாள் என்ற எண்ணத்தில் பெட்டி நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தார். ஆமினாள் பெஞ்சிலிருந்து எழுந்து எதிர்ப்பக்கம் நடந்தாள். கேட்டைத் தாண்டும்போது, "ஏட்டி, ஆமினா" என்று கூப்பிட்டது கேட்டது. அந்தக் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அதனாலேயே அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவரோடு போய்விடுவாள்.

பயிற்சி ஷெட்டில் இளைஞன் காரில் ஏறிக்கொண்டிருந்தான். ஆமினாள் மூச்சிரைக்கப் போய் நின்று, "சார், அவுக சொன்னது அவுகளுக்கு. நான் வாரேன்" என்றாள். வாசலில் நின்ற ஜாய்ஸ் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள்.

அதன்பிறகு வீட்டில் சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருட்டோடு எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்துச் சங்கரன்கோவில் வந்து வேன் ஏறுவாள். திரும்பிவரும்போது அவர் சோறாக்கி வைத்திருப்பார். தட்டை வைப்பார், தண்ணீர் வைப்பார், போய்ப் படுத்துக்கொள்வார். கம்பெனியில் நடந்ததை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்: அங்கே முழு ஷூவைத் தைக்கிற வேலையே இல்லை. லேசுக்கு அடியில் கிடக்குமே நாக்கு, அதன் ஓரம் மட்டும்தான் அவளுக்கு. காலையிலிருந்து சாயங்காலம்வரை நாக்குகள். அவளுக்கு முன்னால் இருப்பவள் வெட்டித் தள்ளுவாள், பின்னால் இருப்பவள் வாங்கிக்கொள்வாள். பக்கத்தில் திரும்பிப் பேசினால் சூப்பர்வைசர் பெல்லை அடிப்பான். ஒண்ணுக்குப் போகக் கையைத் தூக்க வேண்டும். தூண் மெஷின் இன்னொரு வரிசையில் இருந்தது, அவள் பக்கமே வரவில்லை. இதையெல்லாம் சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமோ என்று ஒரு நாள் தோன்றியது. அப்படி ஓர் ஆறுதலை அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்றும் தோன்றியது.

ஆடி மாதம் ஒருநாள் அவராகவே வாயைத் திறந்தார். தட்டை வைத்துவிட்டு நின்றவர், "குருசாமி கூப்புட்டாரு. புது பேட்ச் ஆரம்பிக்காகளாம். என்னைய மாஸ்டரா வந்து இருக்கச் சொல்லுதாரு" என்றார். ஆமினாள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்வையை விலக்கிக்கொண்டார். கூச்சம் என்று நினைத்தாள். "நல்லதாப் போச்சு. ஒங்க கைக்கு அதுதான் சரி" என்றாள். மறுநாளிலிருந்து தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனார். தாடியை ஒதுக்கிக்கொண்டார். மகள் ஷமீரா தன் சிநேகிதிகளிடம் சொல்லியிருக்கிறாள், ஷூ டிரெயினிங்கில் மாஸ்டர் என்று. இரண்டொரு நாள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து அவரும் சாப்பிட்டார். ஒருமுறை மீன் துண்டைத் தள்ளிவிட்டார்.

கம்பெனியில் தோல் லோடு வராமல் லைன் நின்றுபோன நாளில் பகலிலேயே வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. சேர்ந்தே ஊருக்குப் போகலாம் என்று ஆமினாளுக்குத் தோன்றியது. அந்த ரயிலில், எதிரெதிர் ஜன்னலில். கடையில் சூடாகப் போட்ட உளுந்த வடை வாங்கிக்கொண்டு பயிற்சி ஷெட்டுக்கு நடந்தாள்.

வாசலில் ஒரு ஜீப் நின்றது. உள்ளே போகப் போனவளை ஜாய்ஸ் ஓடிவந்து தடுத்தாள்.

"யக்கா, இப்ப உள்ள போகாதிய. சென்னைலருந்து ஆபீசர் வந்திருக்காக."

"அவுக எங்க? கிளாஸ் எடுக்காகளா?"

ஜாய்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். "கிளாஸா?"

"மாஸ்டரா இருக்காகள்ல."

ஜாய்ஸ் அவளை வாசலிலிருந்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "நான்தான்க்கா எடுக்கேன்" என்றாள் பிறகு. "அண்ணாச்சிய குருசாமி சார் ஆளுக்கு ஆளா உக்கார வச்சிருக்காரு. பேர் குடுத்துட்டு வராத ஆளுக எடத்துல. ஆளுக்கு இவ்வளவுன்னு கவர்மென்ட் பணம் வருது, யாராவது பாக்க வந்தா சீட் காலியா இருக்கக் கூடாதுல்லா. நான் வேண்டாம்னு சொன்னேன்க்கா. அண்ணாச்சிதான், வீட்ல சும்மா இருக்கதுக்கு இது பரவால்லன்னாக."

ஆமினாள் ஜன்னல் பக்கம் போனாள். பெண்கள் வரிசையாக மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில், எல்லாருக்கும் கொடுத்த நீல ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பீர் மைதீன் உட்கார்ந்திருந்தார். அவருக்குமுன் ஓர் அம்மாள் நின்றிருந்தார். நரைத்த தலை, கழுத்தில் அடையாள அட்டை, கனிவான முகம். பக்கத்தில் குருசாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இவரு போன வாரம் சேந்தவரு மேடம். புது ஆள். மெஷினே இப்பதான் பாக்காரு."

"அப்படியா? இந்த வயசுல கத்துக்க வந்திருக்கீங்களே, ரொம்ப சந்தோஷம்" என்றார் அந்த அம்மாள். "எங்க, ஊசியில நூல் கோத்துக் காட்டுங்க பாக்கலாம்."

பீர் மைதீன் தலையை ஆட்டினார். நூலை இழுத்தார். ஒருமுறை குருசாமியை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து, கண்ணைச் சுருக்கி, நூல் நுனியை ஊசியிடம் கொண்டுபோனார். நூல் ஊசிக்கு அந்தப் பக்கம் போனது.

முன்வரிசைப் பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவரும் அசட்டுத்தனமாகச் சிரித்தார்.

"பதறாதீங்க ஐயா. மெதுவா" என்று அந்த அம்மாள் குனிந்து, வெளிச்சம் விழட்டும் என்று தன் நிழலை விலக்கிக்கொண்டார். ஆமினாளின் கையிலிருந்த வடைப் பொட்டலத்தின் எண்ணெய் தாளை நனைத்து விரலில் இறங்கியது. உள்ளே, பீர் மைதீன் நூல் நுனியை நாக்கில் ஈரப்படுத்தி, விரலால் உருட்டிக் கூராக்கி, ஊசியின் காதுக்கு நேராக, அணுவளவும் பிசகாமல் கொண்டுவந்தார். அங்கே ஒரு கணம் நிறுத்தினார். பிறகு கையை லேசாக இடப்பக்கம் நகர்த்தினார்.