மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்

ஒரு மனுஷன் ஒரே கேள்வியை எத்தனை தடவைதான் கேட்பார்? காலை ஒன்பது மணியிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அப்பா மகளின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி எங்க வந்துட்டிருக்கான்?"

"வானத்துலப்பா."

"வானம்னா எந்த இடம்?"

முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வண்டி எங்கே வருகிறது, எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இன்றைக்கு அந்தச் சோறும் கிடையாது. பன்னிரண்டு மணிக்கு இதய ஆபரேஷன். மகன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போக மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். டாக்டரோ, இன்றைக்கு விட்டால் அடுத்த வாரம்தான், அதுவரை இதயம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். கெஞ்சிக் கூத்தாடி எட்டு மணியைப் பன்னிரண்டுக்குத் தள்ளிவைத்தவள் மகள். வெளிநாட்டிலிருந்து வரும் தம்பி பதினொன்றுக்கு இறங்கிவிடுவான் என்று அடித்துச் சொன்னவளும் அவளேதான். பதினைந்து வருஷமாக விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவள் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

பதினொன்றரை ஆயிற்று. தம்பியைக் காணோம். அவன் போனும் அணைந்தே கிடந்தது.

"தூரம் எவ்ளோன்ன?" அப்பா மறுபடி ஆரம்பித்தார்.

"மூவாயிரத்து அறுநூறுன்னு பத்துத் தடவ சொல்லிட்டேன்!"

"ஸ்பீடு?"

"எண்ணூறு. உங்க லாரி இல்லப்பா அது, நடுவுல டீ குடிக்க நிக்காது. கொஞ்சம் சும்மா இருங்களேன்!"

அப்பா விரல் விட்டு எண்ணினார். "நாலரை மணி நேரம் ஆகுது. கிளம்பிட்டேன்னு அவன் சொன்னப்ப இங்க மணி ஒம்பது. ஒண்ணரைக்குத்தான வரணும்? நீ எப்படி பதினொண்ணுங்கற?"

அவர் வாயை அடைக்கத்தான் அவள் போனில் டிக்கெட்டைத் திறந்தாள். இறங்கும் நேரம் ஒன்றரை என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

டிக்கெட்டில் போட்டிருக்கும் இறங்கும் நேரம் இறங்குகிற ஊரின் நேரம். தம்பி இருக்கும் ஊருக்குப் போகிறவர்களின் வீட்டார், "நம்ம நேரத்துக்கு எத்தனை மணி?" என்று கேட்டுக் கேட்டு, அந்த ஊர்க் கடிகாரம் முந்தி ஓடும் இரண்டரை மணி நேரத்தைக் கழித்தே சொல்லிப் பழகிய வாய் அவளுடையது. அங்கிருந்து இங்கே வருகிறவனுக்கும் அதே பழக்கத்தில் கழித்துத் தொலைத்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்!

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வந்தாள். "மகன் வந்துட்டாரா?"

"இல்ல," என்றாள் மகள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அப்பா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அவன் வர இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். டாக்டர் இனிமே காத்திருக்க மாட்டார்."

திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை. அவரோ நர்ஸ் பக்கம் திரும்பினார்.

"உள்ள எவ்ளோ நேரம் ஆகும்மா?"

"நாலு மணி நேரம்."

மறுபடி விரல்கள் மடங்கின. "அப்போ எனக்கு முன்னாடி அவன் வந்து சேந்துருவான். சரி, வண்டிய எடு."

"அப்பா..."

"நான் கண்ணு முழிக்கிறப்ப அவன் எதிர்ல நிக்கணும். எத்தனை மணிக்குன்னு மட்டும் நீ சொல்லாத, தாயே!"

சொன்னவர், ஆபரேஷன் அறை வாசல் வரை அவள் கையை விடவேயில்லை.