பழைய குடையைப் பற்றிய குறிப்பு

தலைக்கு மேலே அவள் சிரித்தாள். சலூன்காரரின் கத்திரி அந்தரத்தில் நின்றது.

கீழே கடை, மேலே வீடு. நடுவில் ஒரு சாண் காரைதான். இருபத்தாறு வருஷமாக மேலே நாற்காலி நகர்ந்தாலும் கிண்ணம் உருண்டாலும் அண்ணாந்து பார்க்காமலே இன்னதென்று சொல்லிவிடுவார். இந்தச் சிரிப்பு மட்டும் இப்போது ஒரு மாதமாகத்தான் கேட்கிறது. தொண்டைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூக்கு வழியாக வெளியே வரும் சிரிப்பு. கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறார். அப்புறம் எங்கே போயிற்று என்று அவரும் தேடவில்லை.

"அண்ணே, காது பத்திரம். இருக்கிறதே ரெண்டு" என்றார் நாற்காலியில் இருந்த தபால்காரர்.

சலூன்காரரின் மனைவி பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். மதியம் ஒன்றிலிருந்து நாலு மணி வரை ஆஸ்பத்திரி மூடியிருக்கும். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்து போனில் போக்கர் சீட்டு ஆடுவாள். அங்கே கூட்டிப் பெருக்க வருகிற அக்கா பழக்கிவிட்டது. சில்லறைக் காசு ஆட்டம். எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம், எழுந்து போகலாம். வாரம் முழுக்கத் தோற்றாலும் இரண்டு காபிக்கு மேல் போகாது. காசு போயிருந்தாலாவது சண்டை போட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

நாலு மணிக்குத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் அவள் கீழே வந்து கடைக் கண்ணாடியில்தான் தலை சீவுவாள். வெளிச்சம் அங்கே நன்றாக இருக்கும். ஒரு நாள் சீப்புகளுக்கு நடுவே போனை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். ஆட்டம் திறந்தே இருந்தது. பச்சை மேஜை, அதைச் சுற்றி ஆறு வட்டம். அவள் பேர் 'டோக்கன் 9'. எதிரே 'மொட்டைமாடி' என்று ஒருத்தன். சலூன்காரர் அவன் மேல் விரலை வைத்துவிட்டார். உடனே ஒரு சின்னப் பெட்டி திறந்தது. மற்றவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்று குறித்து வைத்துக்கொள்ள அதில் இடம் உண்டாம். எழுதியவருக்கு மட்டும் தெரியும்.

'நல்ல சீட்டு வந்தா உடனே போட மாட்டாரு. எண்ணி மூணு நொடி. தோத்தா சரி விடுன்னு எழுதுவாரு. செவ்வாக்கிழமை லேட்டாத்தான் வருவாரு. இருமல் போல, ரெண்டு நாளா சரியா ஆடல.'

இருமல்! போனில் எப்படி இருமல் தெரியும்? போன மழைக்கு இவர் பத்து நாள் இருமினார். அவள் 'கடைல வெந்நி இருக்கா?' என்று கேட்டதோடு சரி. இவரைப் பற்றி எழுதச் சொன்னால் இந்தப் பெட்டியில் என்ன எழுதுவாள்? அந்த ஆளுக்கு எப்படியும் தலையில் முடி இருக்காது என்று ஒரு ஆறுதல் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் மதியம் அவரும் கணக்குத் திறந்தார். என்ன பேர் வைப்பதென்று சுற்றிலும் பார்த்தார். யாரோ மறந்துவிட்டுப் போன குடை கதவோரம் சாய்ந்திருந்தது. 'பழைய குடை' ஆனார்.

அவர்கள் மேஜையிலேயே உட்கார்ந்த அரை மணியில் கையில் ஒரு ஜோடி ஒன்பது வந்தது. டோக்கன் 9 சீட்டை மடக்கி ஒதுங்கிக்கொண்டாள். மொட்டைமாடியின் முறை. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகுதான் காசைப் போட்டான், பெரிதாக. அவனிடம் நல்ல சீட்டு இருக்கிறது என்று அந்த மேஜையில் இவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை, டோக்கனைத் தவிர. மடக்கியிருக்க வேண்டும். மடக்குவதா? அதுவும் அவனிடம், அதுவும் அவள் பார்க்க! இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினார். அவன் ஐந்து சீட்டை வரிசையாகக் காட்டி வழித்துக்கொண்டு போனான்.

'நல்லா ஆடினீங்க' என்று அவனுக்கு எழுதினாள் டோக்கன். காரைக்கு மேலே மூக்குச் சிரிப்பு.

அன்றைக்குத் தலை சீவும்போது அவளே பேச்செடுத்தாள். "ஏங்க, இன்னைக்கு ஒரு ஆளு புதுசா வந்தாரு. பழைய குடையாம் பேரு. பாவம்."

"என்ன பாவம்?"

"யார் மேலயோ கோவத்துல ஆடுற மாதிரி இருக்கு. சீட்டையே பாக்கல மனுஷன்."

"முட்டாப்பயலா இருப்பான்."

"அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் சட்டென்று. சீப்பு பாதியில் நின்றது. "நல்ல மனுஷன்தான். எனக்குத் தெரியும்."

அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தினமும் குடை புராணம்: குடை இன்னைக்கு ஜெயிச்சாரு, குடை ஒரு ஜோக் எழுதினாரு. சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு மினுமினுப்பு. அதே ஜோக்கை முந்தின நாள் காலையில் பல் தேய்க்கையில் அவளிடம் சொல்லிப் பார்த்தவர் இவர்தான். 'தள்ளுங்க, நேரமாச்சு' என்று போனவள் அவள்தான்.

சனிக்கிழமை அவள் முகம் கழுவப் போனதும், மூன்று பக்கக் கண்ணாடிக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டு அவள் போனில் தன் பேர் மேல் விரலை வைத்தார்.

'பழைய குடை. மடக்கவே மாட்டாரு, வீம்பு. மொட்டைமாடி போட்டா கட்டாயம் போடுவாரு. நடுவுல இருபது நிமிஷம் காணாம போவாரு. திரும்பி வந்ததும் முதல் ஆட்டம் நிதானமா இருக்கும். வீட்டுல பேச ஆள் இல்லாதவர் போல. இவரை அடிச்சு ஆட மனசு வரல.'

போனைச் சீப்புகளுக்கு நடுவே வைத்தார். இருந்த மாதிரியே இருக்கிறதா என்று ஒருமுறை நகர்த்தினார். ஈர முகத்தோடு வந்தவள் அவரைச் சுற்றிக்கொண்டு கண்ணாடிக்குப் போனாள், வழியில் கிடக்கும் நாற்காலியைச் சுற்றிப் போவது போல. மொட்டைமாடியை என்றைக்காவது ஒரு நாள் தோற்கடித்துவிடலாம். இந்தக் குடையை என்ன செய்வது?

திங்கட்கிழமை அவர் மேஜையில் உட்காரவில்லை. கடையில் யாரும் இல்லை. முடிவெட்டும் நாற்காலியில் தானே ஏறிச் சாய்ந்துகொண்டு, ஆட்டத்தை வெளியிலிருந்து வெறுமனே பார்த்தார். ஆறு வட்டத்தில் ஒன்று காலி.

'குடை வரலையா இன்னைக்கு?' என்று எழுதினாள் டோக்கன்.

'வெயில்தானே, குடை எதுக்கு' என்றான் மொட்டைமாடி.

மேலே சிரிப்புக் கேட்கவில்லை. நாற்காலி நகர்ந்தது. ஜன்னல் பக்கம் நாலு காலடிச் சத்தம். திரும்ப நாலு. சரியாக அவர் தலைக்கு மேலே வந்து நின்றது.

'ஒரு எடம் காலியாத்தான் இருக்கு' என்று எழுதினாள்.

அவர் நிமிர்ந்தார். எதிர்க் கண்ணாடிக்குள் பின்கண்ணாடி, அதற்குள் இன்னொரு கண்ணாடி. ஒருவர் பின் ஒருவராக, போகப் போகச் சிறுத்துக்கொண்டே, அத்தனை சலூன்காரர்களும் கையில் போனை வைத்துக்கொண்டு அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.