குழம்புச் சட்டிக்குள் ஒரு துணி முடிச்சு

கீரனூரில் திருச்சி ரோட்டோரம் இருக்கும் மூக்காயி மெஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. சமைத்தவள் ருசி பார்க்கக் கூடாது. காக்கைக்குச் சோறு வைத்து, முதல் இலைக்குப் பரிமாறி முடித்த பிறகுதான் அவள் நாக்கில் எதுவும் படலாம். மெஸ்ஸை ஆரம்பித்த மூக்காயி போட்ட சட்டம். அப்புறம் உப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது என்று கேட்டால், கொதிக்கிற குழம்பின் மேல் குனிந்து ஆவியை மூக்கில் வாங்கிப் பார் என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவளுக்குத் தெரிந்தது. அவள் போன பிறகு கரண்டியைக் கையில் எடுத்த மருமகள் அமுதவல்லிக்கும் தெரிந்தது. முப்பது வருடமாக ஒரு இலையிலிருந்தும் உப்பைப் பற்றி ஒரு சொல் வந்ததில்லை. அந்தப் பெருமை அமுதவல்லிக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

போன ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்து அவளைப் படுக்கையில் தள்ளியது. எழுந்த பிறகு எதைத் தின்றாலும் வாய்க்குப் பிடிக்கவில்லை. காய்ச்சலில் வாய் செத்துப்போயிற்று, தானாக வரும் என்று விட்டுவிட்டாள். அதைவிடப் பெரிய கவலை ஒன்று அவளுக்கு இருந்தது. அந்தக் கவலையின் பெயர் பிரகதீஸ்வரி.

பிரகதீஸ்வரி அவளுடைய மருமகள். மகன் சரவணக்குமார் தினமும் காலையில் பஸ் ஏறித் திருச்சிக்கு வேலைக்குப் போகிறான். மெஸ்ஸை வாடகைக்கு விட்டுவிட்டுக் குடும்பத்தோடு அங்கேயே போய்விடலாம் என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறான். மருமகள் இதைப் பற்றி வாயே திறந்ததில்லை. பேசுகிற மகனைச் சமாளித்துவிடலாம், பேசாத மருமகளை என்ன செய்வது என்பது அமுதவல்லியின் கட்சி. போதாததற்கு மெஸ்ஸுக்கு வருகிற கூட்டமும் முன்னைக்கு இப்போது குறைச்சல்.

வழக்கமாகக் காக்கை சீக்கிரம் வராது. அமுதவல்லி கொல்லைச் சுவரோரம் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் என்னவோ அது சுவரிலேயே காத்திருந்தது. சோற்றை வைத்த கையோடு திரும்பியவள் அடுப்படி ஜன்னலில் பார்த்துவிட்டாள். பிரகதீஸ்வரி குழம்புச் சட்டியைத் திறந்து, முந்தானைக்குள்ளிருந்து எதையோ எடுத்து உள்ளே விட்டாள். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடினாள்.

அமுதவல்லி அடுப்படிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். ஆனாலும் ஒன்றும் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கொல்லையை ஒரு அங்குலம் விடாமல் தேடினாள். வாழைக்குழிக்குள் ஒரு துணி முடிச்சு கிடந்தது. பிரித்தால் உள்ளே கொழகொழவென்று ஒரு உருண்டை, குழம்பில் ஊறிச் சிவந்துபோயிருந்தது.

மருந்து என்று முடிவு கட்டிவிட்டாள். சோற்றில் மருந்து வைத்துப் புருஷனை மயக்கியது, மாமியாரைக் கிறுக்கியாக்கியது என்று எத்தனை கதை அவள் கேட்டிருக்கிறாள். இது மெஸ்ஸை முடக்குவதற்கான மருந்து. அதோடு நிற்காமல், குன்றாண்டார்கோவில் பக்கம் குறி சொல்கிற பெரியவர் ஒருவரிடம் அந்த முடிச்சைக் கேரிபேக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, இது வெளியாள் கை இல்லை, வீட்டுக்குள் இருக்கிற கைதான் என்றார். அமுதவல்லிக்கு அது போதும்.

அதற்குப் பிறகு கண்கொத்திப் பாம்பாகத் திரிந்தாள். பார்க்கப் பார்க்க எல்லாமே தப்பாகத் தெரிந்தது. நீங்கள் உட்காருங்கள் அத்தை, பரிமாறுவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளைச் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கமே வரவிடாமல் வைத்திருக்கிறாளே, அது எதற்காக? சாப்பிடுகிறவர்களின் முகத்தை மாமியார் பார்த்துவிடக் கூடாது என்றுதானே? இத்தனை நாளும் அதை மரியாதை என்று நம்பி ஏமாந்திருக்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். மருமகளை ஒரு நாள் ஊருக்கு அனுப்பிவிட்டுத் தன்னந்தனியாகச் சமைத்துத் தன் கையாலேயே பரிமாறுவது. மருந்தில்லாத குழம்பை ஊர் எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்ப்பது. சாயங்காலம் மகனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பஞ்சாயத்தை ஆரம்பிப்பது. மெஸ்ஸில் இருக்கப் போவது அவளா, மருமகளா என்பது அன்றோடு தெரிந்துவிடும்.

வல்லத்திராக்கோட்டைக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வா என்றதும் பிரகதீஸ்வரியின் முகம் மாறிவிட்டது.

"இன்னைக்கா அத்தே? ஞாயித்துக்கெழமை மெஸ் லீவுதான, அன்னைக்குப் போறேனே" என்றாள். சொல்லும்போது கண் அடுப்பின் மேலேயே இருந்தது.

அம்மா வீட்டுக்குப் போகச் சொன்னால் எந்தப் பெண்ணாவது தயங்குவாளா? அமுதவல்லி அவள் கையில் பையைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டுத்தான் வந்தாள்.

அன்றைக்கு முருங்கைக்காய் காரக்குழம்பு, ரசம், கோஸ் பொரியல். சட்டியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். குழம்பு கொதித்து வந்ததும் குனிந்து ஆவியை வாங்கினாள். உப்புப் போதவில்லை என்று பட்டது. ஒரு கை போட்டாள். மறுபடி குனிந்தாள். இன்னும் ஒரு கை போட்டாள். காக்கைக்கு வைத்தாள், மூக்காயியின் படத்துக்கு விளக்கேற்றினாள், இலை போட்டாள்.

முதல் இலை எப்போதும் உரக்கடை பழனிச்சாமிக்குத்தான். மூக்காயி காலத்திலிருந்து அதே பெஞ்சில், அதே மூலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அவர் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கை அப்படியே நின்றது. பிறகு தம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். பக்கத்து இலைக்காரர் தண்ணீர் கேட்டார். எதிர் வரிசையில் ஒருவர் குழம்புச் சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு மோர் இருக்கிறதா என்றார். ஒருவரும் குறை சொல்லவில்லை. ஆனால் வழித்து நக்கிவிட்டு எழுந்திருக்கிற மெஸ்ஸில் அன்றைக்கு மூடிய இலைகள் எல்லாம் புடைத்துக்கொண்டு கிடந்தன.

போகும் முன்பே மசாலாப் பொடியில் எதையோ கலந்துவிட்டுப் போயிருக்கிறாள் பாதகத்தி என்றுதான் அப்போதும் அமுதவல்லிக்குத் தோன்றியது. மற்றவர்கள் எழுந்து போகும் வரை பொறுத்திருந்து பழனிச்சாமியிடம் போனாள்.

"அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. குழம்புல என்ன?"

அவர் மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பிரகதி ஊருக்குப் போயிருக்காளா, தங்கச்சி?" என்று கேட்டார்.

"அவளுக்கும் இதுக்கும் என்ன இருக்கு? எந்நாளும் சமைக்கிறது நாந்தான?"

"சமைக்கிறது நீதான்" என்றார். அதற்கு மேல் சொல்லலாமா என்று யோசித்தவர், தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "உப்பு வாயில வைக்க முடியல, தங்கச்சி. கோவிச்சுக்காத."

முதல் இலை முடிந்துவிட்டது, இனி சட்டம் தடுக்காது. அடுப்படிக்குப் போய் ஒரு கரண்டிக் குழம்பை உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தாள். சப்பென்று இருந்தது. இன்னும் ஒரு கை உப்புப் போட்டால் சரியாக இருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அப்போதுதான் பயம் வந்தது. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோடு வைத்து இழுத்தாள். கல்லை மோந்த மாதிரி இருந்தது. கறிவேப்பிலையைக் கசக்கிப் பார்த்தாள். மூக்காயியின் படத்தடியில் இருந்த சூடத்தை எடுத்து முகர்ந்தாள். ஒன்றுமே இல்லை. ஐப்பசியிலிருந்து அவளுக்கு மூக்கே இல்லை. இத்தனை மாதமாக எந்த ஆவியை நம்பி அவள் உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்?

அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த உருண்டை என்னவென்று இப்போது தெரிந்தது. உப்புக் கூடிப்போனால் அரிசி மாவைப் பிசைந்து உருட்டித் துணியில் முடிந்து குழம்புக்குள் விட வேண்டும், அது உப்பை இழுத்துக்கொள்ளும். புதுப் பெண்ணாக வந்தபோது மூக்காயி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. முப்பது வருடத்தில் ஒருமுறைகூடத் தேவைப்படாததால், முடிச்சைக் கையில் பிரித்துப் பார்த்தபோதுகூட அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. அதைப் பிரகதீஸ்வரிக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவளேதான். அவள் கல்யாணமாகி வந்த புதிதில், பெருமையடித்துக்கொண்டு.

அழுகை வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை பேருக்கு முன்னால் என்னைக் காப்பாற்ற இவள் யார் என்று கோபமும் வந்தது. அந்தக் கோபம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. சொல்லியிருந்தால் மறுநாளே கரண்டியைக் கீழே போட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியும். அது மருமகளுக்கும் தெரிந்திருக்கிறது.

பிரகதீஸ்வரி சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"இன்னைக்கு எல்லாம் நல்லபடியா நடந்துச்சா அத்தே?"

"உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாள் அமுதவல்லி. மருமகள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் வெறும் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிரகதீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த சட்டியை எடுத்துக்கொண்டாள். மகன் வந்ததும் நடப்பதாக இருந்த பஞ்சாயத்தை அமுதவல்லி ஆரம்பிக்கவில்லை.

மறுநாள் வத்தக்குழம்பு. கொதித்து வந்ததும் அமுதவல்லி வழக்கம்போலக் குனிந்தாள், முகத்தில் சூடு மட்டும் அடித்தது. அன்றைக்கு அவள் உப்பே போடவில்லை. உப்பு ஜாடியை எடுத்துச் சட்டியின் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்துவிட்டு, சோற்றை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

காக்கை சுவரிலேயே காத்திருந்தது. வைத்த சோற்றைத் தின்றுவிட்டுப் பறந்தும் போய்விட்டது. அமுதவல்லி அடுப்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெறும் சுவரைப் பார்த்து, இன்னும் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றாள்.