காயாத சாயம்

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை வருவதாக ராட்னி சொல்லியிருந்தான். ஏரியைப் பார்த்தபடி வீட்டின் பின்புறம் இருக்கும் மரத்தளத்தில் பழைய சாயத்தை உரித்துப் புதிதாகப் பூசித் தருவதாகப் பேச்சு. அது அவன் அப்பா செய்யும் வேலை. அவர் போன வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். பனி விழுந்து உருகி, பலகைகள் செதில் செதிலாக உரிந்து கிடந்தன.

ஐலா ஹெய்க்கினென் யோசித்துப் பார்த்தாள். மகன் நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வருவான். வந்ததும் முட்டி போட்டுத் தேய்க்க ஆரம்பிப்பான். இருட்டியதும் படுத்துவிடுவான். எப்போது பேசுவது? வேலையை முன்னாலேயே முடித்துவிட்டால், அவன் சும்மா உட்கார்ந்திருப்பான் அல்லவா?

அவளே வேலையில் இறங்கினாள். பழைய சாயத்தை உரிக்கும் கூழ் மாதிரியான மருந்தைத் தடவி, ஊறவிட்டு, நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள். பலகைகள் நன்றாகக் காய்ந்த பிறகு தளத்திலும் அதைச் சுற்றியிருந்த கைப்பிடிக் கட்டைகளிலும் எண்ணெய்ச் சாயத்தைப் பூசினாள். நடுவில் நிறுத்தினால் திட்டு விழும் என்று ஒவ்வொரு பலகையையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே மூச்சில் இழுத்தாள். மரம் குடித்தது போக மிஞ்சியதைத் துணியால் ஒற்றி எடுத்தாள். முழங்கால் இரண்டும் வீங்கிப்போயின. தளம் தேன் நிறத்தில் பளபளத்தது.

துடைத்த துணிகளைக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஆர்வோ நாயோடு வந்து நின்றான்.

"என்ன ஐலா, கொடி பூரா கோவணம் காயுது? யாருது?"

"உன்னுதுதான். காத்துல பறந்து வந்துச்சு." அவள் திரும்பவில்லை. "எண்ணெத் துணியச் சுருட்டிப் போட்டா தானா பத்திக்கும். உன் கொட்டகை எரிஞ்சத மறந்துட்டியா?"

"அது பழைய கதை, விடு. நல்லாத் தொடச்சியா? நான் போன வருஷம் தொடைக்காம விட்டு, தளம் பாகு மாதிரி ஒட்டிக்கிச்சு. நாய் பாதி தூரம் போயி அப்படியே நின்னுடுச்சு, பாவம். அண்ணன் மகன் வந்து மறுபடி உரிச்சான். ரெண்டு வாரம் தங்கினான். என் காப்பியெல்லாம் காலி!" சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மறுநாள் மாலை ராட்னி போனில் கூப்பிட்டான்.

"அம்மா, மருந்து எந்தக் கடையில வாங்கட்டும்?"

"ஒண்ணும் வேணாம்டா. நானே முடிச்சிட்டேன். நீ வந்து சும்மா உக்காரு. மீன் பிடிக்கலாம்."

"நீயேவா? பெரிய ஆளும்மா நீ!" அவன் குரலிலிருந்து பாரம் இறங்கியது அவளுக்குக் கேட்டது. "அப்ப இந்த வாரம் நான் வரல. இங்க கூரைத் தண்ணிக்குழா வேற அடைச்சுக் கிடக்கு. நவம்பர்ல நன்றித் திருநாள் விருந்துக்குப் பாப்போம், என்ன?"

ஐலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பக்கத்து ஆண்கள் சும்மா உட்காருவதற்காக யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். அவள் புருஷனும் சொந்தத் தம்பி வீட்டுக்கு விறகு பிளக்கத்தான் போவார். இது தெரிந்தும், மகன் வருவதற்கு இருந்த ஒரே காரணத்தைத் தன் கையாலேயே துடைத்து எடுத்துவிட்டாள்.

"ராட்னி, வச்சிடாத. அது... காயலடா."

"என்ன காயல?"

"சாயம். பிசுபிசுங்குது. செருப்பு ஒட்டுது."

"ரொம்ப அடிச்சிட்டியா? மிஞ்சினதத் தொடச்சியா இல்லியா?"

கொடியில் துணிகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன.

"தொடைக்கணுமா?" என்றாள்.

"ஐயோ அம்மா! அப்பா பண்றத இத்தன வருஷமா பாத்துக்கிட்டுதானே இருந்த? சரி, எதையும் தொடாத. சனிக்கிழமை வரேன்."

போனை வைத்துவிட்டுத் தளத்துக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிக் கால் வைத்துப் பார்த்தாள். பலகை காய்ந்து, வழவழவென்று, இளஞ்சூடாக இருந்தது. இவ்வளவு நன்றாக அவள் புருஷனுக்குக்கூட வந்ததில்லை. காட்டுவதற்குத்தான் யாருமில்லை. மிச்சமிருந்த சாய டப்பாவைத் திறந்து தாராளமாக ஊற்றினாள். மரம் குடிக்க மறுத்தது. எண்ணெய் அப்படியே தேங்கி நின்றது. துணிக்காக நீண்ட கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ராட்னி வந்து விரலால் தொட்டுப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். காதுக்கு மூடியை மாட்டிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சும் எந்திரத்தை முடுக்கினான். அதன் இரைச்சலில் எதுவும் பேச முடியவில்லை.

மதியம் அவன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து இருவரும் கறி அடைத்துச் சுட்ட பாஸ்டி ரொட்டியைச் சாப்பிட்டார்கள்.

"இது காய ஒரு வாரம் ஆகும். பூச இன்னொரு தடவ வரணும்" என்றான். மென்றுகொண்டே திரும்பிப் பார்த்தான். "கைப்பிடிக் கட்டையெல்லாம் அருமையா வந்திருக்கே. ஒரு சொட்டு வழியல, ஒட்டல. அது யாரு பூசினது?"

"நான்தான்."

அவன் கொடியில் இன்னும் தொங்கிய எண்ணெய்த் துணிகளைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். ஐலா காகிதத்திலிருந்த துணுக்குகளைப் பொறுக்கினாள்.

"வேலியும் நரைச்சுப்போச்சு" என்றான் ராட்னி, வேறெங்கோ பார்த்தபடி. "செப்டம்பர்ல வந்து அதயும் முடிச்சிடறேன். நீ கை வைக்காத."

"வைக்கல."

அவன் காதுமூடியை மாட்டிக்கொண்டு போனான். எந்திரம் மறுபடி இரைந்தது. ஐலா உள்ளே போய், அவன் திரும்பினால் கண்ணில் படும்படி கண்ணாடிக் கதவருகே நின்றுகொண்டாள். அவன் குனிந்து பலகைகளைப் பார்த்தே வேலை செய்துகொண்டிருந்தான்.