நிரை போட்டு வாசித்த நாவல்

அலோசியஸ் அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தபோது என்ன கேட்டார் என்பது இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம், கூட்டுறவுக் கடை வாசல். அரிசிப் பையைத் தலையில் தூக்கப் போனேன். அலோசியஸ் ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டார். பிறகு தன் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். அட்டையில் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"நாவலுங்க. நல்லா இருக்கும். வாசிச்சிட்டு ஒங்க மனசுல என்னா படுதுன்னு சொல்லணும். மாசக் கடைசியில நான் பூண்டுலோயாப் பக்கம் போயிருவேன். அங்கன ஸ்டோர்ல வேல கெடச்சிருக்கு. அதுக்கு முன்ன சொன்னீங்கன்னா நல்லம்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். அப்புறம் போய்விட்டார்.

அவர் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஆலையில், நாங்கள் ஸ்டோர் என்கிற இடத்தில், கொழுந்து அரைக்கிற மெசினடியில் நிற்பவர். பெண்சாதி செத்த பிறகு தனியாக இருக்கிறார். நான் கொழுந்து எடுக்கிறவள். என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து கனகாலம். ஒரே மகள், கந்தப்பளையில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு ஆள் இப்படி ஒருத்தியிடம் ஊரைவிட்டுப் போவதற்கு முன் மனசில் படுவதைச் சொல் என்றால், அது புத்தகத்தைப் பற்றித்தானா? சாமான் பையைச் சுமந்துகொண்டு லயத்து வீட்டுக்கு ஏறுகிற வழியெல்லாம் இதையே யோசித்தேன். அவர் வெளிவெளியாகக் கேட்க மாட்டாத மனிதர். கேட்க வேண்டியதைப் புத்தகத்துக்குள் வைத்துத் தந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. அப்படியானால் அதை வாசித்து முடித்தால்தான் எனக்கும் பதில் வரும்.

வாசிப்பதுதான் கஷ்டம். நாற்பது வயது கழிந்த பிறகு, பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் பின்னேரம் நடந்த வகுப்பில் எழுத்துப் படித்தவள் நான். மலையிலிருந்து இறங்கி, கூடையை இறக்கி, காலில் ஏறின அட்டையைப் பிடுங்கிப் போட்டு, ஒரு வாய் சாப்பிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்தும் அட்டை மாதிரித்தான் நெளியும். ஒரு வரியைக் கூட்டி முடிக்கும்போது அதன் முன்பாதி மறந்துவிடும்.

கதையோ நகரவே மாட்டேன் என்றது. அதில் ஒரு தையல்காரி. அவள் கடைக்கு ஒருவன் பழைய கோட்டைக் கொண்டுவந்து பொத்தான் வைக்கச் சொல்கிறான். அவள் கோட்டைப் பார்க்கிறாள். மழை பெய்கிறது. அவன் மழையைப் பார்க்கிறான். பக்கம் பக்கமாகப் போயும் பொத்தான் வைத்த பாடில்லை. 'மழை தன் பெயரை மறந்து அவள் வாசலில் நின்றது' என்று ஓர் இடத்தில் இருந்தது. மூன்று தரம் வாசித்தேன். அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தேன். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் மலையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது அந்த வரியைச் சொல்லிப் பார்த்தேன். என்னோடு அதே வகுப்பில் எழுத்துப் படித்த மூன்று பேரும் இருந்தார்கள். காளியாயி அக்கா, தெரேசா, எங்களில் இளையவளான பிரியந்தி.

"மழைக்கு ஏதுடி பேரு, மறக்கிறதுக்கு?" என்றாள் காளியாயி. "யாரு குடுத்த பொஸ்தகம் இது?"

சொன்னேன். மூன்று பேரும் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மனசுல படுறதச் சொல்லுன்னாரா?" என்றாள் தெரேசா. "மாசக் கடைசிக்கு முன்னவா?"

"அட மடச்சி! இது புரியலயா ஒனக்கு?" என்று பிரியந்தி என் தொடையில் அடித்தாள். "கோயில்ல தாலியோட கேக்குறத கொழுந்துக் கூடையில வச்சிக் கேக்குறாரு மனுசன்."

"முடிவு என்னான்னு பாக்காம ஒண்ணும் சொல்ல ஏலாது," என்றேன். "நான் வாசிக்கிற வேகத்துல தீவாளி வந்துரும்."

காளியாயிதான் அந்த யோசனையைச் சொன்னாள். "ஒருத்தியா ஒரு மலைய எடுத்து முடிக்க முடியுமா? நிரை போட வேண்டியதுதானே!"

காலையில் மலைக்குப் போனதும் கங்காணி ஆளுக்கொரு நிரையைக் காட்டுவார். தேயிலைச் செடி வரிசை வரிசையாக மேலே ஏறிப் போகும். அவரவர் வரிசையைப் பிடித்து எடுத்துக்கொண்டு ஏறுவோம். எல்லாரும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தால் மலை முடிந்தது. எந்த நிரையில் ஏறினாலும் கொழுந்து கொழுந்துதான். புத்தகமும் அப்படித்தான் என்று எங்களுக்குத் தோன்றியது. ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று பின்னேரம் காளியாயியின் புருசன் கவ்வாத்து வெட்டுகிற கத்தியைத் தீட்டி, புத்தகத்தின் முதுகில் வைத்து நாலாக வகுந்தோம். முதல் நிரை எனக்கு. அடுத்தது தெரேசாவுக்கு. மூன்றாவது காளியாயிக்கு. வேகமாக வாசிப்பவள் என்பதால் கடைசி பிரியந்திக்கு. அட்டை மட்டும் மிஞ்சியது. அதை நான் மடித்துத் தலையணைக்கடியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் மலையில் ஒரே சத்தம். தெரேசா கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே நிரைக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துக் கத்துவாள்: "ஏ ஜீவராணி, தங்கமான மனுசன்டி!" மூன்று செடி தள்ளிக் காளியாயி கத்துவாள்: "நாசமாப் போறவன்! கட்டைல போறவன்!" மலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா தன்னைத்தான் திட்டுகிறார்கள் என்று நினைத்து ஒரு நாள் மேலே ஏறி வந்தே விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெரேசா பூசை முடிந்து வந்ததும் என் காம்பராவில் நாலு பேரும் கூடினோம். எல்லா நிரையும் உச்சிக்கு வந்துவிட்டது. இனிக் கொழுந்தைக் கொட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

என் பங்கில் கோட்டும் மழையும். அதைச் சொல்லி முடித்தேன்.

தெரேசா சொன்னாள்: "அவளுக்குக் காச்சலுங்கடி. எழும்ப ஏலாது. இந்த மனுசன் வந்து கஞ்சி வச்சி, ஊட்டி, ஈரத்துணி போட்டு, அவ தச்சி வச்ச துணியெல்லாம் வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுக்குறான். ஒரு வார்த்த தப்பாப் பேசல. தொடக்கூட இல்ல. நான் அழுதேன். சரின்னு சொல்லிரு ஜீவராணி."

"எந்த மனுசன்?" என்றாள் காளியாயி. "எம் பங்குல ஒருத்தன் இருக்கான். சொல்லாம கொள்ளாம ரயிலேறிப் போறான். அவ டேசன்ல நிக்கிறா, அவன் திரும்பிக்கூடப் பாக்கல. அவனா இவன்?"

"கோட்டுப் போட்டிருக்கானா?"

"போட்டிருக்கான். பொத்தான் இல்ல."

"அப்ப அவனேதான்," என்றேன். அலோசியசும் போகப் போகிறவர்தானே.

"கஞ்சி ஊட்டுனவன் ஏன்டி ஓடணும்?" என்றாள் தெரேசா. "நீ ஒழுங்கா வாசிச்சியா?"

"ஓடுறவன் ஏன்டி கஞ்சி ஊட்டணும்? நீதான் கனவு கண்டிருப்ப! ஒன் புருசன் ஊட்டாத கஞ்சிய எவன் வந்து ஊட்டுவான்னு ஏங்கிக்கிட்டு இருக்கிறவதானே நீ!"

"ஏங்க்கா, ஒங்க வீட்டுக்காரரு ஒரு தடவ அனுராதபுரம் போயி ஆறு மாசம் வராம இருந்தாருல்ல, அத நெனச்சிக்கிட்டு வாசிச்சீங்களா?" என்றாள் பிரியந்தி.

காளியாயி எழும்பிப் போகப் பார்த்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவரவர் பக்கத்தை விரித்து, விரலை வைத்து வாசித்துக் காட்டினார்கள். இரண்டும் எழுதித்தான் இருந்தது. ஆனால் அவன் ஏன் போனான் என்று இரண்டிலும் இல்லை. ரயில் போன பிறகு தண்டவாளம் எவ்வளவு நேரம் நடுங்கியது என்று ஒரு பக்கம் நிறைய இருந்தது.

"பிரியந்தி, முடிவச் சொல்லு," என்றேன். "திரும்பி வந்தானா?"

பிரியந்தி உதட்டைப் பிதுக்கினாள். "யாரோ கதவத் தட்டுறாங்க. அவ கையில நூலோட எழும்பிப் போறா. தெறக்குறா. வெளிச்சம் உள்ள வருது. முடிஞ்சிருச்சி."

"யாருடி தட்டுனது?"

"சொல்லல."

"ஒரு பக்கம் குறையுது," என்றாள் காளியாயி உடனே. "வகுந்தப்ப விழுந்திருக்கும்."

கட்டிலுக்கடியில், அரிசிப் பைக்குப் பின்னால், விறகுக்கிடையில் எல்லாம் தேடினோம். பிரியந்தி பக்க எண்ணைச் சரிபார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. எழுதின ஆள் அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்.

"எவ்வளவு தடிச்ச பொஸ்தகம்! யாரு தட்டுனதுன்னு ஒரு வரி எழுத மை இல்லாமப் போச்சா?" என்று காளியாயி கொதித்தாள். "வேணாங்கிறேன் நான். போறவன் போகட்டும்."

"சரின்னு சொல்லு," என்றாள் தெரேசா.

"எனக்கு அந்த வெளிச்சம் புடிச்சிருந்திச்சி," என்றாள் பிரியந்தி.

அவர்கள் போன பிறகு நாலு துண்டையும் ஒன்றாக அடுக்கி, பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டினேன். என்ன சொல்வது என்று முன்னைவிடத் தெரியாமல் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை வேலை விட்டதும் ஸ்டோருக்குக் கீழே பஸ் நிற்கிற இடத்தில் அவரைப் பிடித்தேன். புத்தகக் கட்டை நீட்டினேன். அவர் அவிழ்த்தார். முதல் துண்டு, இரண்டாவது துண்டு. முகம் வெளுத்துப் போனது.

"என்னாங்க இது? எலி கடிச்சிருச்சா?"

"நிரை போட்டோமுங்க," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சலை, ரயிலை, காளியாயி திட்டினதை, கட்டிலுக்கடியில் தேடினதை. அவர் முகத்தில் கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. இடையில் ஹட்டன் பஸ் வந்து நின்றது. அவர் கையைக் காட்டவில்லை. அது போய்விட்டது.

"யாருங்க தட்டுனது?" என்று கடைசியில் கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியுமில்ல?"

"எனக்கும் தெரியாதுங்க. ரெண்டு தடவ வாசிச்சேன். அதான் ஒங்க மனசுல என்னா படுதுன்னு கேட்டேன்."

எனக்குத் தலை சுற்றியது. "அதுக்காகத்தான் கேட்டீங்களா? அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்னு..." அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டார். மறுபடியும் ரோட்டைப் பார்த்தார். "இல்ல... அம்புட்டுத்தான்னும் சொல்ல ஏலாது."

புத்தகம் மாதிரியே பேசினார். இவர் பாட்டுக்கு மாசக் கடைசியில் போய்விடுவார், நான் பாட்டுக்கு யார் தட்டினது, இவர் என்ன கேட்டது என்று யோசித்துக்கொண்டே கொழுந்து எடுப்பேன். அது தெரிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

"எனக்கு அந்தப் பொஸ்தகம் வெளங்கல," என்றேன். "எழுத்துக் கூட்டியே களச்சிப் போறேன். நீங்க வாசிங்க, நான் கேக்குறேன். முதல்லருந்து."

"எங்கங்க வாசிக்கிறது?"

"என் காம்பராவுல. இஸ்தோப்புல ஒக்காந்து."

அவர் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். லயத்து இஸ்தோப்பு என்றால் வரிசையாக எல்லா வீட்டு வாசலும் ஒன்றாய் ஓடுகிற இடம். பீலிக்குத் தண்ணிக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போக வேண்டும். அங்கே ஓர் ஆம்பிளை ஒருத்திக்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புத்தகம் வாசித்தால், அதற்கு மேல் ஊருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

"லயத்து ஆளுக பாப்பாங்களே," என்றார் மெதுவாக.

"பாக்கட்டும்."

"பூண்டுலோயா போன பொறகும் வரலாமா? ஞாயித்துக்கிழமையில?"

"பஸ் ஓடுதுல்ல," என்றேன்.

அவர் நாலு துண்டையும் திரும்பக் கட்டினார். சேலைக் கரையில் இரண்டு முடிச்சுப் போட்டார்.

மறுநாள் காலை பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற இடத்தில், காளியாயி என்னை ஒரு பக்கமாக இழுத்தாள். "என்னாடி கேட்டாரு?"

"ஒண்ணும் கேக்கலக்கா."

"நீ என்னா சொன்ன?"

"ஞாயித்துக்கிழம வரச் சொன்னேன். இஸ்தோப்புக்கு."

"கேக்காததுக்குப் பதில் சொல்லிட்டு வந்து நிக்கிறா பாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தக் கோட்டுக்காரன் ரயிலேறுனத நான் வாசிச்சிக் காட்டியும் ஒனக்குப் புத்தி வரலயே."

கங்காணி எங்கள் பெயரைக் கூப்பிட்டார். அவள் சாக்குப் படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நாலடி நடந்தாள். பிறகு திரும்பினாள்.

"எங்க வீட்டு நாக்காலிய வந்து எடுத்துக்கிட்டுப் போ. ஒன் வீட்டுல அந்த மனுசன் ஒக்கார ஒரு பலககூடக் கெடையாது."